வந்தவர்களுக்கு வைத்த தண்ணீர்

அக்காவின் காரியத்துக்கு வந்து, பந்தலின் புழுக்கத்தில் உட்கார்ந்து, இலையில் சாப்பிட்டுவிட்டு இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்கள் எல்லோருக்கும் எங்கள் வீட்டாரின் கும்பிடு. எழுதுவது தம்பி. லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். இதுவரை நான் எழுதி நாலு பேர் படித்தது என்றால் அது வண்டிக்குப் பின்னால் பெயிண்டில் எழுதியதுதான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அச்சகத்துக்காரர் திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

மாதிரிக்கு என்று அவர் சில பழைய மலர்களைக் காட்டினார். எல்லாவற்றிலும் இறந்தவர் கோபமே அறியாதவராக, அதிர்ந்து பேசாதவராக இருக்கிறார். எங்கள் அக்காவைப் பற்றி அப்படி எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள். அக்காவுக்குக் கோபம் வரும். வந்தால் தெருமுனை வரை கேட்கும். வந்த வேகத்தில் போயும்விடும், போன பிறகு தானே வந்து “சாப்டியாடா?” என்று கேட்பார். மலருக்காக அவரை வேறு ஆளாக்க எனக்கு மனசு வரவில்லை.

அட்டையில் அக்காவின் பெயருக்கு முன்னால் ‘முனைவர்’ என்று ஏன் போடவில்லை என்று பெரியப்பா கேட்டார். ஆராய்ச்சி செய்தவர்தானே, போட்டால் என்ன, யார் வந்து விசாரிக்கப் போகிறார்கள் என்று மாமாவும் சொன்னார். அவர்கள் ஆசையில் தப்பில்லை. அந்த ஆசை எனக்கும் இருந்தது. அதற்காக அக்காவிடம் சண்டையே போட்டிருக்கிறேன். ஆனால் அந்தப் பட்டம் ஏன் வராமல் போனது என்பதைப் பற்றிச் சொந்தபந்தத்தில் ஆளுக்கொரு கதை ஓடுகிறது. உடம்பு முடியாமல் போனதால் படிப்பு பாதியில் நின்றுவிட்டது என்கிறார்கள் சிலர். பெரிய வாத்தியாரோடு ஏதோ தகராறு என்கிறார்கள் வேறு சிலர். இரண்டும் இல்லை. நடந்ததை ஒருமுறை நேராகச் சொல்லிவிடுகிறேன்.

அக்கா பிறந்தது மரக்காணத்தில், உப்பளத்தை ஒட்டிய எங்கள் தெருவில், இப்போது நாங்கள் இருக்கும் இதே வீட்டில். அப்போது கூரை வீடு. அப்பா அளத்தில் உப்பு வாருவார். அம்மா அதைக் கூடையில் சுமந்து கரையில் கொட்டுவார். இரண்டு பேரும் விடிவதற்கு முன்னால் கிளம்பிவிடுவார்கள் என்பதால் அக்காதான் எனக்குச் சோறு போட்டு, தலை வாரிவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போவார். இழுத்துக்கொண்டு என்றால் நிஜமாகவே இழுத்துக்கொண்டுதான்.

எனக்குப் படிப்பு ஏறவில்லை. அக்காவுக்காகத் தம்பி படிப்பை விட்டான் என்று யாராவது இந்தப் பந்தலில் பேசிக்கொண்டிருந்தால் நம்ப வேண்டாம். அக்காவுக்கோ படிப்பு தவிர வேறு ஒன்றும் ஏறவில்லை. சமையல் செய்தால் நாய்கூட யோசிக்கும். மரக்காணத்தில் பள்ளி முடித்து, திண்டிவனத்தில் கல்லூரிக்குப் போனார். எங்கள் தெருவிலிருந்து கல்லூரிக்குப் பஸ் ஏறிய முதல் பெண் அவர். எடுத்த பாடம் கெமிஸ்ட்ரி. “உப்பு வாருற வூட்ல பொறந்துட்டு, உப்பப் பத்தியே படிக்கப் போறியா? வேற பாடமே கெடைக்கலியா ஒனக்கு?” என்று அம்மா கேட்டார். அக்காவுக்கு அதைக் கேட்டு அன்று முழுக்கச் சிரிப்பு.

இரண்டாவது வருஷம் படிக்கும்போது அப்பா போய்விட்டார். அளத்திலேயே மயங்கி விழுந்தார். அதன் பிறகு அம்மா தனியாகச் சுமந்ததில்தான் அக்காவின் படிப்பு புதுச்சேரி வரை போனது. அங்கே மேல்படிப்பு முடித்து, அங்கேயே தங்கி ஒரு தனியார் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே ஆராய்ச்சிக்கும் பதிவு செய்தார்.

கல்யாணம் பற்றிக் கேட்பீர்கள். கிளியனூரிலிருந்து ஒரு வரன் வந்தது உங்களில் பல பேருக்குத் தெரியும். மாப்பிள்ளையிடம் அக்கா நேராகவே, மேலே படிக்கலாமா என்று கேட்டார். அப்பாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார் மாப்பிள்ளை. அக்கா எழுந்து கேசரித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். மாப்பிள்ளை வீட்டார் கிளம்பும்போது அந்தக் கேசரியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது நான். அம்மா ஒரு வாரம் அக்காவோடு பேசவில்லை. பிறகு வந்த வரன்களை அம்மாவே வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

இரண்டாயிரத்து நாலு டிசம்பரில் கடல் உள்ளே வந்தது. எங்கள் தெருவில் உயிர்ச்சேதம் இல்லை. கரையோரக் குப்பங்களில் நடந்ததை நினைத்தால் அதைச் சொல்லவே வாய் கூசுகிறது. எங்களுக்கு வந்தது வேறு மாதிரி. அளத்து வரப்புகளை எல்லாம் அடித்துக்கொண்டு வந்த தண்ணீர் எங்கள் கிணறுகளில் இறங்கிவிட்டது. முன்பு அந்தத் தண்ணீர் லேசாகக் கரிக்கும், ஆனாலும் குடிக்கலாம், சோறு பொங்கலாம். அலைக்குப் பிறகு வாயில் வைக்க முடியவில்லை. பருப்பு வேகவில்லை. சோப்புப் போட்டால் நுரை வரவில்லை. நிவாரண வேலைக்கு வந்த ஒரு தொண்டு நிறுவனம் தெருமுனைக்குத் தண்ணீர் லாரி அனுப்பியது. லாரி வராத நாளில் பெண்கள் ஈசிஆர் ரோட்டைத் தாண்டி ஏரிக்கரை அடிபம்பு வரை குடத்தோடு நடந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் புதுச்சேரியிலிருந்து ஆராய்ச்சி வந்தது. அக்காவின் பேராசிரியர் ஐயா மண்ணையும் தண்ணீரையும் ஆராய்கிறவர். அவரோடு சமூகவியல் மேடம் ஒருவர் சேர்ந்துகொண்டார். அவர் மனிதர்களை ஆராய்கிறவர். கிணற்றில் எவ்வளவு உப்பு ஏறியிருக்கிறது என்று ஐயா பக்கம் பார்ப்பது, அதனால் வீட்டில் இருக்கிறவர்கள் என்ன பாடுபடுகிறார்கள் என்று மேடம் பக்கம் கேட்பது, இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து எழுதுவது. இரண்டு பக்கத்துக்கும் நடுவில் ஓட உள்ளூர் ஆள் வேண்டும், படித்த ஆளாகவும் இருக்க வேண்டும். அக்காவை விட்டால் வேறு யார்? அக்காவின் பட்டத்துக்கும் அதுவே ஆராய்ச்சி என்று முடிவானது. அன்று அக்கா முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். நம்ம ஊருக்கே உபயோகமாகிறது, பட்டமும் கிடைக்கிறது என்று என் ஆட்டோவில் உட்கார்ந்து வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார்.

இரண்டாயிரத்து ஐந்தில் ஐப்பசி மழை ஓய்ந்ததும் அக்கா பெட்டி பெட்டியாக வெள்ளை பிளாஸ்டிக் பாட்டில் கொண்டுவந்தார். காலையில் போனால் தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கும், எல்லோரும் அளத்தில் இருப்பார்கள். ஆள் இல்லாத வீட்டின் பின்பக்கம் நுழைந்து கிணற்றில் இறைக்க அக்காவுக்கு மனசு வரவில்லை. அதனால் சாயங்காலம் வீட்டுக்கு ஒரு பாட்டில் கொடுத்து, உங்கள் வீட்டுத் தண்ணீரை இதில் பிடித்து வையுங்கள், நாளைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டு வந்தார். மறுநாள் எல்லா வீட்டிலும் பாட்டில் துடைத்து, மூடி இறுக்கி, வாசலில் தயாராக இருந்தது. சில வீட்டில் பாட்டிலுக்குப் பொட்டு வைத்திருந்தார்கள்.

புதுச்சேரியில் சோதித்துப் பார்த்தார்கள். எங்கள் தெருத் தண்ணீரில் உப்பே இல்லாத மாதிரி வந்தது. ஐயாவுக்கு ஆச்சரியம், சந்தோஷமும்கூட. நல்ல மழை பெய்ததால் உப்பு கழுவிக்கொண்டு போய்விட்டது, மண் தானாகவே தேறியிருக்கிறது என்று சொன்னார். ஆனால் மேடம் பக்கம் கேட்டு எழுதியதில் எல்லாப் பெண்களும் தண்ணீர் கரிக்கிறது, ஏரிக்கரைக்கு நடக்கிறோம் என்றே சொல்லியிருந்தார்கள். இரண்டும் ஒட்டவில்லை. எதை நம்புவது என்று பேச்சு வந்தபோது, லாரி நின்றுவிடும் என்ற பயத்தில் ஜனங்கள் கூட்டிச் சொல்கிறார்கள் என்று முடிவு செய்தார்கள். மேடமும் அதற்குத் தலையாட்டினார். அக்காவும் தலையாட்டினார்.

இதை மறைக்க வேண்டாம் என்று அக்காவே சொல்லியிருக்கிறார், அதனால் எழுதுகிறேன். நான்கூட அப்போது அக்காவிடம், கிணறு கரிக்குதுக்கா என்று சொன்னேன். “நீ எப்பப் பாத்தாலும் டீக்கடையில நிக்கிறவன், ஒனக்கு என்ன தெரியும்? பாட்டில் பொய் சொல்லாதுடா” என்றார். அக்கா அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அவர் வீட்டுக்கு வரும்போதெல்லாம் குடித்த தண்ணீர் கரிக்கவே இல்லை.

அறிக்கை தொண்டு நிறுவனத்துக்குப் போனது. இரண்டாயிரத்து ஆறு பிறந்ததும் லாரி நின்றது. அதோடு, அந்த நிறுவனம் போட இருந்த குடிநீர்க் குழாய் எங்கள் தெருவுக்கு முந்தின தெருவோடு முடியும் என்றும் பேச்சு வந்தது. ஏன் என்று எங்களுக்குத் தெரியவில்லை. அதிகாரிகளைத் திட்டிக்கொண்டு குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தோம்.

பொங்கல் சமயத்தில் அக்காவுக்கு மார்பில் கட்டி என்று தெரிந்தது. அதைப் பற்றி அதிகம் எழுத என்னால் முடியவில்லை. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தார்கள், மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது. தலையில் துணி கட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போனார். வகுப்பில் ஒரு பெண் அழுதபோது, “அழுதா மார்க் போட மாட்டேன்” என்றாராம். ஆராய்ச்சியை எழுதி முடிக்கும் வேலையும் நடந்துகொண்டே இருந்தது. சமர்ப்பிக்க வேண்டியதுதான் பாக்கி. கோடையிலும் ஒருமுறை தண்ணீர் எடுத்து ஒப்பிட்டுக் காட்டினால் நன்றாக இருக்கும் என்று ஐயா சொன்னதால் பாட்டில்கள் மறுபடியும் வந்தன. இந்த முறை நான்தான் வீடு வீடாகக் கொடுத்தேன்.

மறுநாள் காலை அக்கா சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். நான் வாசலில் வண்டி துடைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே அம்மா சாமி படத்துக்குக் கீழே இருக்கும் பித்தளைக் குடத்திலிருந்து செம்பில் மொண்டு பாட்டிலில் ஊற்றிக்கொண்டிருந்தார். அது என்ன குடம் என்று எங்கள் தெருவினருக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் நல்ல தண்ணீருக்கு எப்போதும் தட்டுப்பாடுதான். அதனால் எந்த வீட்டிலும் ஒரு குடம் நல்ல தண்ணீர் தனியாக இருக்கும். அது வருகிறவர்களுக்கு, மாப்பிள்ளை, சம்பந்தி மாதிரி ஆட்களுக்கு. வீட்டு ஆட்கள் தொட மாட்டார்கள். கரிப்புத் தண்ணீரை அடுத்தவர் கையில் கொடுத்தால் அது முகத்தில் அடித்த மாதிரி.

அக்கா வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

“இன்னாம்மா பண்ற?”

“தண்ணி புடிக்கிறேன். தம்பி குடுத்த பாட்டிலு.”

“கெணத்துத் தண்ணி தானம்மா கேட்டேன்?”

“அந்தக் கரிப்பயா? பெரிய பெரிய படிப்பு படிச்சவங்க கைக்குப் போறது. அதப் போயி குடுப்பாங்களா யாராச்சும்?”

“அவங்க குடிக்க மாட்டாங்கம்மா. சோதன பண்ணுவாங்க.”

“சோதன பண்றாங்கன்னா இன்னும் நல்ல தண்ணியா இல்ல குடுக்கணும்” என்றார் அம்மா.

அக்கா முதலில் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு அவர் சிரிப்பு நின்றுவிட்டது. போன தடவையும் இதையா கொடுத்தாய் என்று கேட்டார். ஆமாம் என்றார் அம்மா, பெருமையோடுதான். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் வரும்போதெல்லாம் எனக்குக் குடிக்க எதில் மொண்டு தந்தாய் என்று அடுத்துக் கேட்டார். அம்மாவுக்குக் கேள்வியே புரியவில்லை. இதே குடத்தில்தான். வெளியூரில் இருந்து களைத்து வருகிற பெண்ணுக்குக் கிணற்றுத் தண்ணீரையா தருவார்கள்? குளிக்கக்கூட ஏரிக்கரைத் தண்ணீர் ஒரு பக்கெட் எடுத்து வைத்திருப்பார்.

“அப்ப நானும் இந்த வூட்டுக்கு விருந்தாளிதானா?” என்று அக்கா கேட்டார். அம்மா பாட்டில் மூடியை இறுக்கித் துடைத்து வைத்தார். எனக்கு அந்தக் கேள்வி இன்னும் காதில் இருக்கிறது.

அப்புறம் அக்கா எழுந்து தெருவில் இறங்கினார். தலையில் கட்டிய துணியோடு அந்த வெயிலில் வீடு வீடாகப் போனார். எல்லா வீட்டிலும் அதேதான். எதிர்வீட்டுத் தனம் சித்தி இன்னும் ஒருபடி மேலே. “சும்மா குடுப்பனா கண்ணு? கொடத்துத் தண்ணியக் காய்ச்சி, ஆறவச்சி, வெள்ளத் துணியில வடிகட்டிக் குடுத்தேன். ஒன் பேரு கெட்டுடக் கூடாது இல்ல?” என்றார். அக்கா அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். சித்தி அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டு, இன்னொரு பாட்டில் வேண்டுமா என்று கேட்டார்.

அன்றைக்கே அக்கா புதுச்சேரி போய்ப் பேராசிரியரைப் பார்த்தார். நான்தான் அழைத்துப் போனேன். ஐயா கெட்டவர் இல்லை. இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் அவரைத் தப்பாகப் பேசக் கூடாது. அக்கா சொன்னதைக் கேட்டுவிட்டு அத்தியாயத்தை எடுத்துப் புரட்டினார். பிறகு, இப்போது இதைக் கிளறினால் முக்கியமான அத்தியாயமே விழுந்துவிடும், புதிதாகத் தண்ணீர் எடுத்து எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத வேண்டும், அதற்குக் காலம் ஆகும் என்றார். காலம் என்று சொல்லும்போது அவர் அக்காவைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். முதலில் சமர்ப்பித்துப் பட்டத்தை வாங்கிக்கொள், திருத்தத்தைப் பிறகு ஒரு கட்டுரையாகப் போடலாம் என்றார். அக்காவின் மேல் இருந்த பிரியத்தில் சொன்னதுதான் அது.

திரும்பி வரும்போது நானும் அதையே சொன்னேன். கத்தியே சொன்னேன். இவ்வளவு வருஷம் அம்மா சுமந்தது எதற்கு? வீட்டு வாசலில் ஒரு போர்டு, அதில் அக்கா பெயர், பெயருக்கு முன்னால் பட்டம். அதை ஒருநாளாவது அம்மா பார்க்க வேண்டாமா? அக்கா வண்டியை ஓரம் கட்டச் சொன்னார். ரோட்டுக்குக் கிழக்கே அளத்தில் உப்பு வெள்ளையாகக் குவிந்து கிடந்தது.

“டேய், அந்த ரிப்போர்ட்ட வச்சித்தான்டா லாரிய நிறுத்துனாங்க. கொழாயும் வராது. எனக்குப் பட்டம், தெருவுக்குக் கரிப்புத் தண்ணியா? அத வாங்கி நான் எங்க மாட்டறது?”

“கொஞ்சம் பொறுத்துச் சொல்லேன்க்கா. பட்டம் வாங்கிட்டுச் சொல்லேன்.”

“எனக்குப் பொறுக்க எங்கடா இருக்குது?” என்றார்.

அவர் வாயால் அதை அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டேன். ரோட்டோரத்தில் ஆட்டோவில் உட்கார்ந்து நான் அழுதேன். அக்கா அழவில்லை. “வண்டிய எடு, வெயில் ஏறுது” என்றார்.

அடுத்து வந்த வாரங்களில் மருந்து ஏற்றாத நாளெல்லாம் அக்கா தெருவுக்கு வந்தார். அளத்திலிருந்து ஆட்கள் திரும்பும் நேரமாகப் பார்த்து, ஒவ்வொரு வீட்டுக் கிணற்றிலும் என்னை இறைக்கச் சொல்லி, தானே பாட்டிலில் பிடித்தார். பிடிப்பதற்கு முன்னால் ஒரு வாய் குடித்தும் பார்த்தார். டாக்டர் கண்டதையும் குடிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். சொன்னால் கேட்கிற ஆளா? எல்லாம் உப்பு. சோதனைச்சாலையும் அதையே சொன்னது. பழைய பாட்டில் கணக்கை எழுதி வைத்திருந்த அத்தியாயத்தை அக்கா அப்படியே விலக்கிக்கொண்டார். பட்டத்துக்கான ஆராய்ச்சி அங்கே நின்றது.

சமூகவியல் மேடம் வீட்டுக்கே வந்தார். தண்ணீர் கொடுத்தோம். எந்தக் குடம் என்று கேட்டார், அம்மாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. மேடம் அம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஜனங்கள் வாயால் சொன்னது எல்லாம் சரிதான், நாங்கள்தான் நம்பவில்லை என்று சொன்னார். படித்தவர் ஒருவர் எங்கள் வீட்டில் உட்கார்ந்து அப்படிச் சொல்லி நான் பார்த்ததில்லை.

ஆனால் தெருவில் வேறு சிக்கல் கிளம்பியது. தண்ணீரை மாற்றிக் கொடுத்தார்கள் என்று அதிகாரிகளிடம் சொல்லப் போகிறாளாமே, அப்படியானால் நாம் எல்லாம் ஏமாற்றுக்காரர்களா என்று சிலருக்குக் கோபம். தெரு மானத்தை வாங்குகிறாள் என்று அம்மாவின் முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். கேட்டவர்கள் இந்தப் பந்தலிலும் இருக்கிறார்கள். குறையாகச் சொல்லவில்லை. அந்த இடத்தில் நான் இருந்தாலும் கேட்டிருப்பேன்.

திண்டிவனத்தில் ஓர் அலுவலக மாடியில் கூட்டம் நடந்தது. தொண்டு நிறுவனத்தார், அரசு ஆட்கள், ஐயா, மேடம், எங்கள் தெருவிலிருந்து பத்துப் பதினைந்து பேர். அக்காவால் படி ஏற முடியவில்லை. நானும் தனம் சித்தியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஏற்றினோம். அக்கா நின்றுகொண்டே நடந்ததைச் சொன்னார். நிறுவனத்து அதிகாரிக்குக் கோபம். அப்படியானால் ஜனங்கள் எங்களை ஏமாற்றினார்களா என்று கேட்டார். தெருக்காரர்கள் எல்லோரும் அக்கா முகத்தையே பார்த்தார்கள்.

“யாரும் ஏமாத்தலீங்க” என்றார் அக்கா. “வந்தவங்களுக்கு மரியாத பண்ணாங்க. எங்கம்மாவும் பண்ணாங்க. நான் அந்த வூட்ல பொறந்தவ, எனக்கு அது தெரிஞ்சிருக்கணும். அவங்க கரிக்குதுன்னு வாயால சொன்னாங்க, அதயும் நான் நம்பல. தப்பு கேட்டவ மேலங்க, குடுத்தவங்க மேல இல்ல. அந்த ரிப்போர்ட்ல என் பேரு இருக்குது. தப்புக்கும் என் பேரையே போட்டுக்குங்க.”

ஐயா எழுந்து, என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார். அவ்வளவுதான் பேசினார். தெருவில் மானம் போச்சு என்று சத்தம் போட்டவர்களில் ஒருவர்தான் திரும்பும்போது அக்காவைப் படிக்கட்டில் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

லாரி உடனே வந்துவிடவில்லை. அது வந்தபோது அக்கா மறுபடியும் ஆஸ்பத்திரியில் இருந்தார். நான் தெருமுனையிலிருந்தே போன் போட்டேன். “லாரி வந்துடுச்சிக்கா.” “டேங்க்க கழுவிட்டுத்தான் ரொப்பனாங்களான்னு கேளு” என்றார். கேட்டுச் சொன்னேன். கழுவியிருந்தார்கள்.

கடைசி நாட்களில் அக்காவை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். வலி இருந்தது. கோபமும் குறையவில்லை. மாத்திரையை நேரத்துக்குத் தரவில்லை என்று என்னைத் திட்டினார், அதற்காகச் சந்தோஷப்பட்டேன். தண்ணீர் கேட்டால், “எந்தக் கொடத்துல இருந்து?” என்று அம்மாவைக் கேட்டுச் சிரிப்பார். அம்மாவும் சிரிப்பார், பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போவார். மழைக்கு முந்தின ஒரு பகல் வேளையில், அம்மா மடியில் தலை வைத்தபடி அக்கா போய்விட்டார். எனக்கு அக்கா இல்லாமல் என்ன செய்வது என்று தெரியவில்லை. இதை வேறு மாதிரி எழுதத் தெரியவில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறைய. ஆபரேஷனுக்கு ரத்தம் கொடுக்க அளத்து வேலையை விட்டுவிட்டு உப்புக் காலோடு பஸ் ஏறிய பையன்களுக்கு. ராத்திரி பகல் பார்க்காமல் கவனித்துக்கொண்ட நர்சம்மாக்களுக்கு. அக்காவின் பாடங்களைத் தாங்கள் நடத்தி, அவர் வேலை போகாமல் பார்த்துக்கொண்ட கல்லூரி நண்பர்களுக்கு. அடக்கத்தன்று கடைசி வரிசையில் நின்று, யாரிடமும் பேசாமல் போன பேராசிரியர் ஐயாவுக்கு. அக்கா விட்ட இடத்திலிருந்து அந்த வேலையைத் தொடரும் மேடத்துக்கு. தினமும் கஞ்சி கொண்டுவந்த தனம் சித்திக்கு. இந்த மலரை விலை பேசாமல் அச்சடித்துத் தரும் அச்சகத்துக்காரருக்கு. பெயர் விட்டுப்போனவர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள், அக்கா இருந்தால் எனக்கு ஞாபகப்படுத்தியிருப்பார்.

ஒரு வேண்டுகோளும் இருக்கிறது. குழாய் எங்கள் தெருவுக்கு வருமா வராதா என்பது இன்னும் முடிவாகவில்லை. அடுத்த மாதம் மேடத்தின் ஆட்கள் மறுபடி தண்ணீர் எடுக்க வருகிறார்கள். அவர்களே இறைத்துக்கொள்வார்கள். அளத்துக்குப் போய்விடும் வீடுகளுக்கு மட்டும் முன்கூட்டியே பாட்டில் தருவார்கள். தெருவில் இருக்கிறவர்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். அவர்களுக்கு மரியாதை செய்ய வேண்டும் என்றால் டீ போட்டுக் கொடுங்கள், முறுக்கு கொடுங்கள், பாயில் உட்கார வையுங்கள். பாட்டிலில் மட்டும் கிணற்றுத் தண்ணீரை ஊற்றுங்கள். வடிகட்ட வேண்டாம், காய்ச்ச வேண்டாம். வெட்கப்பட வேண்டாம்.

அம்மாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. இதை எழுதி முடித்து இன்று காலை அவருக்குப் படித்துக் காட்டினேன். தெருக்காரர்கள் திட்டியதை எடுத்துவிடு என்பார் என்று நினைத்தேன். அவரோ எழுந்து பின்பக்கம் போனார். ராட்டினம் சுற்றுகிற சத்தம் கேட்டது. ஒரு டம்ளரில் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

குடித்தேன். கரித்தது.

“மாப்பிள்ளையே வந்து நின்னாலும் இதத்தான் குடுப்பேன்னு எழுதிக்கோ” என்றார் அம்மா.